மஸ்ஜித் இந்தியாவில் ஒரு சனிக்கிழமை காலை

மஸ்ஜித் ஜாமெக் எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி, ஜாலான் மலாயு வழியாகச் சிறிது தூரம் நடந்தால் மஸ்ஜித் இந்தியா வந்துவிடும். தீபாவளிச் சேலை, கல்யாணப் பட்டு, ஹரி ராயா துணி என்று நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வந்துபோகும் தெரு. என் மனைவிக்கு முகூர்த்தப் பட்டு எடுத்ததும் இங்கேதான். எட்டு வருடம் கழித்து நான் மட்டும் தனியாக வந்தேன். கையில் ஒரு பட்டியல்: முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, தளர்வான கஃப்தான், தலைக்கு மென்மையான துணி.

அவளுக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்தபின் வாரம் ஐந்து நாளாக ஆறு வாரம் கதிர்வீச்சு, கூடவே டெமோசோலோமைடு மாத்திரை. 2005-க்குப் பிறகு பல நாடுகளில் வழக்கமாகிவிட்ட சிகிச்சை இது.

நான்காவது வாரம், விடியற்காலை மூன்று மணிக்கு வலிப்பு வந்தது. மாமியார் ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்து அவள் கையில் திணித்தார். சாவியால் எந்தப் பயனும் இல்லை என்று அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்; வாயில் எதையும் வைக்கக்கூடாது; கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். முதல்முறை வலிப்பு என்றாலோ, ஐந்து நிமிடம் தாண்டினாலோ உடனே 999.

மூளையில் வீக்கம் என்றார்கள். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். வீக்கம் வடிந்தது, வேறு தொல்லைகள் வந்தன. முகம் உப்பியது. இரவு இரண்டு மணிக்குப் பசி. தூக்கம் இல்லை. தொடையில் பலம் குறைந்து, நாற்காலியிலிருந்து எழ நான் கைகொடுக்க வேண்டியிருந்தது. எதற்கெடுத்தாலும் கோபம். ரசத்தில் உப்பு இல்லையென்று ஒருநாள் தட்டையே தள்ளிவிட்டாள். நான் மெல்ல ஒதுங்க ஆரம்பித்தேன்.

“இந்தக் கோபத்துல பாதி மாத்திரையோடது” என்றார் ஒரு தாதி. “காலையிலேயே கொடுக்கலாமான்னு டாக்டரைக் கேளுங்க, தூக்கம் கொஞ்சம் வரும். ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க.” அன்றிலிருந்து அவளிடம் தெரியும் மாற்றங்களை ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டினேன்.

அப்போதும் ஒரு தவறு செய்தேன். அவளைக் கேட்காமலே விக் வாங்கி வந்தேன். ஒருமுறை வைத்துப் பார்த்து, “இது யாரோட தலை?” என்றாள். கதிர்வீச்சு பட்ட தோலில் அது உரசவும் செய்தது. விக் பெட்டிக்குள் போனது. நான் மஸ்ஜித் இந்தியாவுக்கு வந்தேன்.

தெருவுக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் 1863-இல் எழுந்தது. இப்போதுள்ள கட்டடம் 1960-களில் கட்டியது. தமிழ் முஸ்லிம்களின் பள்ளிவாசல் என்பதால் அங்கே தமிழிலும் போதனை நடக்கும். அதைச் சுற்றித்தான் ஜவுளிக் கடைகளும், அத்தர் கடைகளும், வரிசை வரிசையாகத் துடோங் கடைகளும்.

“பாய், தலையில தையல் போட்ட இடத்துல உரசாத துணி வேணும்.”

கடைக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. துடோங்குக்கு உள்ளே அணியும் அனாக் துடோங்கை எடுத்துப் போட்டார். காதுவரை மூடும் பருத்தித் தொப்பி. உள்பக்கம் தையல் உறுத்தாது. மேலே கட்டிக்கொள்ள மெல்லிய சால்வை.

“என்ன கலர் தம்பி?”

எனக்குத் தெரியவில்லை. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, அடுத்த எம்.ஆர்.ஐ. என்றைக்கு என்பதெல்லாம் மனப்பாடம். தினமும் வானொலியில் நான்கு மணி நேரம் பேசுகிறவன், வீட்டில் ஒரு கேள்வி கேட்கவில்லை.

“அவங்களையே கூட்டிட்டு வாங்களேன்” என்றார் பாய்.

மருத்துவரிடம் கேட்டோம். இரத்த அணுக்கள் குறைவு, கூட்டம் இல்லாத நேரம் போங்கள் என்றார். அடுத்த சனிக்கிழமை காலை, கடை திறக்கும் நேரத்துக்கு, முகக்கவசத்தோடு போனோம். சக்கர நாற்காலியைத் தள்ளும்போதுதான் இந்தத் தெருவில் எத்தனை படிகள் என்று தெரிந்தது. 2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி இங்கே நடைபாதை உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. ஒவ்வொரு கல்லையும் பார்த்துப் பார்த்துத் தள்ளினேன்.

அவள் மாம்பழ மஞ்சளை எடுத்தாள். பிறகு கரும்பச்சை. நான் எடுத்துக் காட்டிய இளநீலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மூணு எடுத்தா எவ்வளவு பாய்?” பேச்சு இழுத்து இழுத்துத்தான் வந்தது. பாய் அவசரப்படுத்தவில்லை. நானும் குறுக்கே பேசி முடித்து வைக்கவில்லை. ஐந்து வெள்ளி குறைத்தாள்.

அரை மணி நேரத்தில் களைத்துப் போனாள். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருந்ததால் இனிப்பில்லாத தே ஓ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

சிகிச்சை இன்னும் தொடர்கிறது. ஸ்டீராய்டை மருத்துவர்கள் படிப்படியாகக் குறைக்கிறார்கள். கோபம் முழுதாகப் போய்விடவில்லை. மருத்துவமனைக்குக் கிளம்பும் நாட்களில் இப்போது அலமாரியைத் திறந்துவிட்டுக் காத்திருக்கிறேன். பெரும்பாலும் மஞ்சள்தான்.