செத்த சிலிண்டரைத் திட்டாதீர்கள்

சேரன்மகாதேவிக்காரனுக்குக் கடல் மோட்டாரில் என்ன வேலை என்று இன்றும் கேட்கிறார்கள். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் தானாக ஓடிவந்து வயலில் பாயும் ஊர் இது. அதனால் என்ஜின் வேலை படிக்க உவரிக் கரைக்குத்தான் போக வேண்டியிருந்தது.

வள்ளத்தில் மாட்டும் மண்ணெண்ணெய் மோட்டார் டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலில் கிளம்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். இரண்டு சிலிண்டரில் ஒன்று படுத்துவிட்டால் வள்ளம் திணறும். "அண்ணாச்சி, பிஸ்டன் போச்சு, மாத்திருங்க" என்று தீர்ப்பைக் கையிலேயே கொண்டு வருவார்கள். நான் இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை எர்த் செய்து, திராட்டிலை முழுக்கத் திறந்து, கேஜை வைத்துக் கயிற்றை இழுப்பேன். இரண்டு சிலிண்டரின் கம்ப்ரஷனும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கோளாறு கரண்டிலோ எண்ணெயிலோதான். ஹெட்டைத் தொட வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்தால்தான் ஸ்பேனர்.

திறந்தால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பக்கம் கோடு விழுந்திருக்கும். பிஸ்டனின் அலுமினியம் உருகி இரும்பு லைனரில் அப்பியிருக்கும். அப்பல் மட்டும் என்றால் ஆசிட்டைத் துளித்துளியாகத் தொட்டுக் கரைத்து, கழுவி, ஹோனிங் போட்டால் போதும். ஆசிட் பிளாக்கின் அலுமினியத்தையும் தின்னும், எனவே லைனரைத் தாண்டக் கூடாது. பள்ளம் நகத்தில் தட்டினால் ரீபோர் செய்து 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன்.

இதுவரை கைவேலை. இனிதான் யோசனை. ஒரே டேங்க், ஒரே ஆயில். இந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஏன் காய்ந்தது? கார்புரேட்டர் தனித்தனி என்றால் இதன் ஜெட்டில் அழுக்கு அடைத்திருக்கும். அந்தப் பக்க கேஸ்கட்டில் காற்று இழுக்கும். தண்ணீர் ஓடும் வழியில் உப்பு கட்டியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் போட்ட புதுப் பிஸ்டனுக்கும் பழையதன் கதிதான்.

இப்போது ஊரில் குடும்பப் பேச்சுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். அங்கும் இதே கேள்விதான். "நாலு பிள்ளைகள்ல இவன் மட்டும் தறுதலை" என்பார் தகப்பனார். அவனுக்கு எந்த வழி அடைத்திருந்தது என்பேன். அவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மறுபடி மோட்டாருக்கு வருகிறேன். ரீபோர் போட்ட மோட்டாரை மறுநாளே முழு விசையில் விடக் கேட்பார்கள். சீசன் நேரம், வயிற்றுப்பாடு. குறை சொல்ல முடியாது. ஆனாலும் முதல் டேங்குக்கு ஆயிலைக் கூட்டிக் கலந்து, கரையோரமாக மெல்ல ஓட்டிவரச் சொல்வேன். வந்ததும் இரண்டு பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். நிறம் ஒன்றுபோல இருந்தால்தான் மிச்சக் கூலி வாங்குவது.