தூருக்கு ஒரு துண்டு

ஆகஸ்ட் 28
மேற்கு வரப்போரம் இன்னும் 4 சவுக்கு மரம் பட்டுப்போயிற்று. இதோடு 11. போன மாதம் ஊசி மஞ்சளித்தபோது தண்ணீர்க் குறை என்று நினைத்து இரண்டு பாய்ச்சல் கூடுதலாக விட்டேன். இன்று அடிமண்ணைப் பறித்துப் பார்த்தால், மரத்தை ஒட்டி உள்ளங்கை அகலத்தில் தட்டுக் காளான். மேலே அரக்குப் பூசினாற்போல் செம்பழுப்புப் பளபளப்பு, அடிப்பக்கம் வெள்ளை. வெள்ளையில் நகத்தால் கீறினால் கோடு பழுப்பாகிறது. கானோடெர்மா. தென்னையில் தஞ்சாவூர் வாடல் என்பார்களே, அதே ஆசாமி. வேரை வெட்டினேன், கத்திக்கு மரம் அகப்படவில்லை, நனைந்த பஞ்சுதான்.

அந்த வரிசை நெடுக, போன வெட்டின் தூர்கள் மண்ணுக்குள் அப்படியே கிடக்கின்றன. அப்பா காலத்தில் சவுக்கு வெட்டியதும் வேர்க்கட்டையைத் தோண்டி விறகுக்குப் போட்டுவிடுவார். தோண்டுகூலிக்குக் கட்டாது என்று விட்டவன் நான்.

ஆகஸ்ட் 30
பக்கத்துக் கொல்லைப் பெரியவர் வந்து பார்த்தார். "கார்பென்டாசிம் கலக்கி ஊத்து தம்பி, அடங்கிடும்." கட்டைக்குள் உட்கார்ந்து தின்பவனுக்கு மேலே ஊற்றுவது எங்கே எட்டும்? தவிர, அந்தப் பூஞ்சைக்கொல்லி ஊற்றிய மண்ணில், நான் இட நினைக்கும் நல்ல பூஞ்சை டிரைக்கோடெர்மா பிழைக்காது. இரண்டில் ஒன்றுதான். "பார்க்கிறேன் ஐயா" என்று அனுப்பிவைத்தேன்.

இரவு தூக்கம் வராமல் படித்தது: இங்கிலாந்தில் தெட்ஃபோர்டு பைன் காட்டிலும் தூர்தான் வில்லன். வேரழுகல் பூஞ்சையின் வித்து காற்றில் வந்து புது வெட்டுவாயில் விழும். வேர் வழியே இறங்கும். வேரும் வேரும் உரசும் இடத்தில் அடுத்த மரத்துக்கு ஏறும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் ரிஷ்பெத் இதைத் துருவிக் கண்டுபிடித்தார். அதோடு நிற்கவில்லை. வெட்டிய கையோடு ஃப்ளெபியோப்சிஸ் என்ற வேறொரு பூஞ்சையின் வித்தைத் தூரில் தடவிப் பார்த்தார். இது செத்த கட்டையைத் தின்னும். பக்கத்து உயிர்மரத்தை வாட்டாது. 1963-ல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. இன்று பின்லாந்தில் மரம் வெட்டும் இயந்திரமே வெட்டும்போது அந்த வித்தைத் தெளித்துவிடுகிறது.

கடலூர் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட்டுப் பிடிப்போமே, அதுதான் விஷயம். ஏற்கெனவே ஆள் உட்கார்ந்துவிட்ட சீட்டில் துண்டு செல்லாது. என் 11 மரமும் அந்தக் கணக்கு.

செப்டம்பர் 2
உரக்கடையில் நீட்டிய டிரைக்கோடெர்மா பொட்டலம் பத்து மாதத்துக்கு முந்தையது. வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள். "பவுடர்தானே சார், கெட்டா போயிடும்?" உயிருள்ள வித்து ஐயா அது. ஆறு மாதம் தாண்டினால் வெறும் டால்க்தான். புதுத் தேதியில் கிடைக்க இன்னும் இரண்டு ஊர் அலைந்தேன்.

செப்டம்பர் 5
தொழுவுரம் 90 கிலோ, வேப்பம்பிண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 கிலோ. புளியமரத்து நிழலில் கலந்து, தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்குப் போட்டு மூடினேன்.

செப்டம்பர் 12
சாக்கைத் தூக்கினால் மழை நனைத்த மண்வாசனை. அங்கங்கே வெள்ளை நூல், அதன்மேல் பாசிப்பச்சைத் தூள். "பூஞ்சணம் புடிச்சிடுச்சு, கொட்டிடலாமா?" என்றாள் இவள். அந்தப் பூஞ்சணத்துக்குத்தான் இத்தனை பாடு என்றேன். கிளறி மறுபடி மூடியாயிற்று.

செப்டம்பர் 14
பட்ட மரங்களைத் தூரோடு பெயர்த்து எரித்தோம். அந்த இடத்தையும் அதை ஒட்டி நின்ற மரங்களையும் சுற்றி 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் காப்புக்குழி. வேர்ப்பாலம் அறுந்தால்தான் பூஞ்சை நிற்கும். ஆள்கூலியைப் பார்த்தபோது அப்பாவின் ஞாபகம் வந்தது.

செப்டம்பர் 21
எருவைக் குழிக்கு வெளியே உள்ள நல்ல மரங்களின் அடியில் கொத்தி இட்டு, மண் அணைத்து, லேசாகத் தண்ணீர் விட்டோம். குழி வளையத்துக்குள் நிற்பவற்றுக்கும் கொஞ்சம், மனம் கேட்காமல்.

அக்டோபர் 19
மழை பிடித்துக்கொண்டது. குழிக்கு உள்ளே மேலும் 2 மரம் போயிற்று. அவை முன்பே வேரில் பட்டவை. வெளியே இதுவரை ஒன்றுமில்லை. நாலு வாரத்தை வைத்து வெற்றி என்று எழுதமாட்டேன். இந்த நோய் வெளியே தெரியவே மாதக்கணக்காகும்.

அடுத்த வெட்டுக்கான செலவுக் கணக்கில் தூர் தோண்டும் கூலியை முதல் வரியாக எழுதிவைத்திருக்கிறேன்.