ராமேசுவரத்துக்கு வண்டி பேசின கதை

மஞ்சள் வெட்டி, வேக வெச்சு, காயப் போட்டு, பாலீஷ் போட்டு, ஈரோடு கொண்டு போய் வித்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரி. அம்மா சோறு போட்டுக்கிட்டே சொன்னாங்க. "என்ற காலு நடக்கறப்பவே ராமேசுரம் ஒருக்கா கூட்டீட்டுப் போயிருடா சாமி." சொல்லிட்டு முந்தானை முடிச்சை அவுத்து என் முன்னாடி வெச்சாங்க. பால் ஊத்தின காசு. எண்ணிப் பார்த்தா 5,000 ரூபாய். "இது எம் பங்கு"ன்னாங்க.

இதுக்கு மேல தள்ளிப் போட முடியுமா? ஆனா எங்க கோபிப் பக்கத்திலிருந்து ராமேசுவரம் போகவே 400 கிலோமீட்டர். அம்மாவுக்கு மூட்டு வலி. பஸ் மாறி, ரயில் மாறி ஏறி இறங்கறது நடக்காத காரியம். அம்மா, அத்தை, வீட்டுக்காரி, பசங்க ரெண்டு பேரு, நானு. ஆறு பேருக்கு ஒரு ஏழு சீட்டு வண்டி வாடகைக்குப் பிடிக்கலாம்னு முடிவாச்சு.

டவுன்ல இருக்கறவங்க போனைத் தட்டினா வண்டி வாசல்ல வந்து நிக்குது, ரேட்டும் அதுலயே தெரியுது. எங்களுக்கு வண்டி பேசறதுங்கறது மாடு பேசற மாதிரி. மாட்டுக்காவது துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை சொல்லிருவாங்க. வண்டிக்காரங்க சொல்ற விலையில பாதி, சொல்லாத இடத்துலதான் இருக்குது.

முதல்ல ஈரோட்டுல ஒருத்தருக்குப் போன் போட்டேன். கிலோமீட்டருக்கு 17 ரூபாய், டிரைவர் பேட்டா நாளுக்கு 500-ன்னார். அடுத்து கோபியிலயே ஒருத்தர். அவரு 18 ரூபாய், பேட்டா அதே 500. 17-தானே மலிவுன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. அப்புறம்தான் "கிலோமீட்டர் எங்கிருந்துங்க எண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். "ஷெட்டுல இருந்து ஷெட்டுக்குங்க." ஈரோட்டுல இருந்து எங்க தோட்டத்துக்கு 35 கிலோமீட்டர். நம்மளை ஏத்த வர்றதுக்கு 35, இறக்கி விட்டுட்டுத் திரும்பிப் போறதுக்கு 35. ஆக 70 கிலோமீட்டர் நம்ம ஏறாமயே ஓடும். நோட்டுல போட்டுப் பார்த்தேன். கோபி வண்டி 870 கிலோமீட்டர் ஓடினா 15,660. ஈரோட்டு வண்டி 940 ஓடினா 15,980. மலிவு ரேட்டுக்காரர் 320 ரூபாய் அதிகம்!

இன்னொண்ணு, நாள் கணக்கு. நம்ம நினைக்கறது 24 மணி நேரம் ஒரு நாள்னு. நிறைய வண்டிக்காரங்களுக்கு ராத்திரி 12 மணி தாண்டினா அடுத்த நாள். வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு ஏறினா, அந்த ரெண்டு மணி நேரமும் ஒரு நாள் பேட்டாதான். அதோட நாளுக்குக் குறைஞ்சது 250, 300 கிலோமீட்டர்னு வெச்சிருப்பாங்க. வண்டி ஓடினாலும் நின்னாலும் அதுக்குக் காசு. ரெண்டு நாள் லாட்ஜுல தங்கி ஊர் சுத்திப் பார்க்கற ஆளுங்க இதை முன்னாடியே கேட்டுக்கோணும். ராத்திரி ஓட்டினா தனி பேட்டா உண்டா, டோல், பார்க்கிங் யாரு, ஏசி போட்டா ரேட்டு மாறுமா, கேரளா கர்நாடகா போனா பர்மிட் காசு யாரு, இதெல்லாம் போன்ல பேசினதோட விடாம வாட்சப்புல எழுதி வாங்கிருங்க. சண்டை போட இல்லீங்க. இறங்கறப்போ ரெண்டு பேரும் முகம் பார்த்துச் சிரிக்கோணும்ல.

எங்க ஊர்ல உள்ளூர் ஓட்டத்துக்கு இன்னொரு பழக்கம் இருக்குது. நாள் வாடகை தனி, டீசல் நம்ம போடறது. கல்யாணம், காதுகுத்துக்கு இப்படித்தான் பேசுவோம். அதுல வர்ற ஒரே தகராறு மைலேஜ். அவரு 10 கொடுக்கும்பாரு, நம்ம 13 கொடுக்கும்போம். கிளம்பறப்போ டேங்க் ஃபுல் பண்ணி வாங்கி, திரும்பி வந்து ஃபுல் பண்ணிக் கொடுத்துட்டா பேச்சே இல்லை.

இதுக்குள்ள சேதி மச்சான் காதுக்குப் போயிருச்சு. அவனுக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட சொந்தக் கார் இருக்குதாம். ரெண்டு நாளைக்கு 5,000 கொடுத்து டீசல் போட்டா போதுமாம். அதாவது ஓன் போர்டு வண்டி. கணக்குப்படி நல்ல மிச்சம்தான். வேண்டாம்னுட்டேன்.

வெள்ளை நம்பர் பிளேட் சொந்த உபயோகத்துக்கு. மஞ்சள் பிளேட்டுல கருப்பு எழுத்து இருந்தாத்தான் டிரைவரோட வாடகைக்கு ஓட்டற வண்டி. சொந்தக்காரங்க காரை வாடகை இல்லாம டீசல் போட்டு எடுத்துட்டுப் போறது வேற. காசு கொடுத்து ஓன் போர்டுல ஏறினா, அந்த வண்டியோட இன்சூரன்ஸ் பாலிசியிலேயே வாடகைக்கு ஓட்டக் கூடாதுன்னு எழுதியிருக்கும். எங்க பக்கத்துல ஒரு குடும்பம் அப்படிப் போய், வழியில அடிபட்டு, கேஸு வருசக்கணக்கா இழுத்துச்சு. ஏறினவங்களுக்கும் நிம்மதி இல்லை. நல்லது செய்யறதா நினைச்சு வண்டி கொடுத்தவரு அரை ஏக்கர் வித்தாரு. வண்டி நம்பரை எம்பரிவாகன் ஆப்புல போட்டுப் பார்த்தா எஃப்சி, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும்னு காட்டிரும். ரெண்டு நிமிச வேலை.

சென்னையில இருக்கற அக்கா பையன், "மாமா, செல்ஃப் டிரைவ் எடுத்துக்கோங்க, டிரைவர் செலவு மிச்சம்"னான். அதுக்கும் தனி பிளேட் உண்டு, கருப்புல மஞ்சள் எழுத்து. அது இருக்கான்னு பார்த்து எடுக்கறவங்க எடுக்கலாம். அட்வான்ஸ் எவ்வளவு, எப்போ திரும்ப வரும், நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் வரைக்கும்னு கேட்டுட்டு, சாவி வாங்கறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்தி ஒரு வீடியோ எடுத்துக்கோங்க. பழைய கீறலுக்கு நம்ம தண்டம் கட்ட வேண்டாம். எனக்கு அது ஒத்து வராது. முந்தின நாள் வாழைக்குத் தண்ணி கட்டிட்டு, மறுநாள் 400 கிலோமீட்டர் நானே ஓட்டிட்டுப் போய் அம்மாவை எங்க தீர்த்தமாட வைக்கறது?

சரி, கோபி வண்டியே ஆச்சு. அடுத்தது எப்போ கிளம்பறதுங்கறது. நான் ஒரு புத்திசாலித்தனமான திட்டம் போட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பினா விடியக் காலையில ராமேசுவரம். தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு, மத்தியானம் சாப்பிட்டு, சாயங்காலம் கிளம்பினா ராத்திரியோட வீடு. ரூம் வாடகை மொத்தமா மிச்சம். நோட்டை வீட்டுக்காரிகிட்டக் காட்டினேன். பார்த்துட்டு ஒரே வார்த்தைதான் கேட்டா.

"திருச்செந்தூர் மறந்து போச்சுங்களா?"

மறக்கலை. ரெண்டு வருசம் முன்னாடி சின்னவனுக்கு மொட்டை போடப் போனோம். இதே மாதிரி ராத்திரிப் பயணம். வந்த டிரைவர் தம்பிக்கு 24 வயசு இருக்கும். ஓனர் ராத்திரி பேட்டா 300 கேட்டதுக்கு, "என்னங்க, எல்லாத்துக்கும் தனித்தனியா கேக்கறீங்க"ன்னு பேசிப் பேசி அதை இல்லாமப் பண்ணினவன் நான். அன்னிக்கு எனக்கு அது பெருமை. எட்டயபுரம் தாண்டி மூணரை மணி இருக்கும். பின்னாடி எல்லாரும் தூங்கறாங்க. நான் முன் சீட்டுல அரைத் தூக்கம். டயர் மண்ணுல ஏறற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தா, ரோட்டு ஓரமா லைட் இல்லாம ஒரு லாரி நிக்குது. வண்டி நேரா அதுக்குப் போகுது. "தம்பீ!"ன்னு கத்தினேன். அந்தப் பையன் ஸ்டீரிங்கை ஒடிச்சதுல ஒரு முழம் இடைவெளியில தாண்டினோம்.

வண்டியை நிறுத்தி இறங்கினதும் அந்தத் தம்பி ரோட்டோரம் உக்காந்துட்டான். கை நடுங்குது. "மன்னிச்சிருங்கண்ணா. நேத்து ராத்திரி ஏர்போர்ட் ஓட்டம். பகல்ல கல்யாண ஓட்டம். ரெண்டு நாளாப் படுக்கலைங்கண்ணா." நான் என்ன சொல்றது? வண்டி கண்டிசன் கேட்டேன், டயர் கேட்டேன், ஏசி கேட்டேன். ஓட்டறவன் தூங்கினானான்னு கேக்கலை. கேட்ட ஒரே காசையும் குறைச்சேன். அங்கேயே வண்டியை ஓரம் கட்டி விடியற வரைக்கும் அவனைத் தூங்க வெச்சோம். திரும்பி வந்ததும் அந்த 300-ஐக் கொடுத்தேன். வாங்கவே மாட்டேன்னுட்டான்.

அதனால திட்டத்தை அடிச்சிட்டேன். சனிக்கிழமை காலையில நாலரைக்குக் கிளம்பறது, ராத்திரி அங்க தங்கறது, ஞாயித்துக்கிழமை இருட்டி ரொம்ப நேரம் ஆகறதுக்குள்ள வீடு. கோபி ஓனருக்குப் போன் போட்டு, "வெள்ளிக்கிழமை ஓட்டம் எதுவும் வைக்காதீங்க"ன்னேன்.

"வண்டி ஷெட்டுலதானுங்க நிக்கும்."

"வண்டி இல்லீங்க. டிரைவரு."

கொஞ்ச நேரம் பேச்சையே காணோம். அப்புறம், "சரிங்க, வீட்டுலயே இருக்கச் சொல்லீர்றேன்"னார்.

லாட்ஜ் பேசறப்பவும் முதல் கேள்வி, டிரைவர் படுக்க இடம் இருக்கான்னு. சில இடத்துல டிரைவர்களுக்குன்னு தனி ரூம் வெச்சிருக்காங்க. இல்லாட்டி அந்த மனுசன் சீட்டைச் சாய்ச்சு, கொசுக்கடியில கிடந்துட்டு, காலையில நம்ம ஆறு உசிரை ஓட்டிட்டு வரோணும்.

செலவு மதிப்பு 25,500 வந்துச்சு. விவசாயத்துல எதுக்கும் பத்துக்கு ஒண்ணு சேதாரம் சேர்த்துப் போடறது வழக்கம். அதையும் சேர்த்து 28,000 எடுத்து வெச்சோம். வண்டிக்காசு ஒரு கவர், சாப்பாடு ரூம் ஒரு கவர், சேதாரம் வீட்டுக்காரி பர்ஸ்ல. என் பையில இருந்தா சேதாரமே முதல்ல செலவாகும்.

வந்த டிரைவர் அண்ணனுக்கு 50 வயசுக்கு மேல. ஏறினதும் மீட்டரைக் காட்டி, "ஷெட்டுல எடுத்தப்ப இருந்ததுங்க, போட்டோ எடுத்துக்குங்க"ன்னார். நான் கேக்காமயே. ஆறு பேரு ஏறினா ஏழு சீட்டு வண்டியில பெட்டி வைக்க இடம் இருக்காது. எல்லாம் மேல கேரியருக்குப் போச்சு. கடைசி சீட்டுல பெரியவங்களை ஏத்தாதீங்க. மடங்கி உள்ள போறதும் கஷ்டம், குலுக்கலும் அங்கதான் அதிகம். பசங்களுக்கு அதுதான் பிடிச்சுது.

காங்கயம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியா மதுரை போய் டிபன். டோல்ல ஒரு விசயம் அண்ணன் சொன்னார். 24 மணி நேரத்துக்குள்ள அதே டோல் வழியாத் திரும்பினா, போக வர ரெண்டுக்கும் சேர்த்து ஒண்ணரை மடங்குதான் பிடிக்குமாம். ஃபாஸ்டாக்ல தானாக் கழிச்சுக்கும். நாங்க திரும்பறப்போ 24 மணி தாண்டிருச்சு. அரை டோல் காசுக்காகச் சாமிகிட்ட அவசரப்பட முடியுங்களா?

மத்தியானம் பாம்பன் பாலத்து மேல போறப்போ அம்மா கண்ணாடியை இறக்கிட்டுப் பேசவே இல்லை. ரெண்டு பக்கமும் கடல். கீழ பவானி வாய்க்கால்தான் அம்மா பார்த்ததுலயே பெரிய தண்ணி. சாயங்காலம் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் போனோம். இப்போ தார் ரோடு இருக்குது. போக வர 40 கிலோமீட்டர் கூடும், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

மறுநாள் விடியறதுக்கு முன்னாடி அக்னி தீர்த்தம். அப்புறம் கோயிலுக்குள்ள 22 தீர்த்தம். ஒவ்வொரு கிணத்துலயும் வாளியில மொண்டு தலையில ஊத்தறாங்க. அம்மாவும் அத்தையும் கையைக் கோத்துக்கிட்டு ஒரு கிணறு விடாம நனைஞ்சாங்க. மாத்துத்துணியைக் கையோட எடுத்துட்டுப் போயிருங்க. ஈரத்தோட வண்டியில ஏறினா சீட்டு கெட்டு, டிரைவர் முகமும் கெட்டுப் போகும்.

வீடு வந்து சேர்றப்போ ராத்திரி எட்டரை. ஷெட்டுக்குப் போற நாலு கிலோமீட்டரையும் சேர்த்து ஓட்டம் 874. வாடகை 15,732, பேட்டா 1,000, டோலும் பார்க்கிங்கும் 860, ரெண்டு ரூம் 3,200, சாப்பாடு 4,100, கோயில், ஆட்டோ, பசங்க சங்கு வாங்கினது எல்லாம் 1,250. மொத்தம் 26,142. சேதாரத்துல 1,858 மிச்சம். அம்மா டிரைவர் அண்ணனுக்கு ஒரு சீப்பு பழமும், அரைச்ச மஞ்சத்தூள் ஒரு பொட்டலமும் கொடுத்தாங்க.

மறுநாள் காலையில பார்த்தா, திண்ணையில ஒரு தாள்ல ஈர மணல் காயுது. ராமேசுவரத்துக் கடற்கரை மணல். எப்போ எடுத்து முடிஞ்சு வெச்சாங்கன்னே தெரியலை.

"இதெதுக்கும்மா?"

"இதைக் கொண்டு போய்க் கங்கையில கரைக்கோணும்டா. அப்பத்தான் முழுசாகும்." மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கிட்டே திரும்பிப் பார்த்தாங்க. "காசிக்கு எத்தன கிலோமீட்டர்னு அந்த டிரைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு வெய்யி."