சில வேளைகளில் நின்றுபோகும் வான்

எமது பெண்கள் சங்கத்திடம் பழைய ரொயோட்டா வான் ஒன்று உண்டு. டீசலில் ஓடுவது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வான்களின் விலையும் ஏறிவிட்டதால், வேறு வாங்குவது பற்றி நாம் யோசிக்கவே இல்லை. செயற்கைக் கால் பொருத்திய சகோதரிகளைப் புதுக்குடியிருப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இதில்தான் அழைத்துச் செல்கின்றோம்.

2023 இல் இந்த வான் இடைவழியில் நிற்கத் தொடங்கியது. ஒருநாள் ஆனையிறவில், நிழலே இல்லாத இடத்தில், மதிய வெயிலில் நின்றுவிட்டது. காலைக் கழற்றி வைத்துவிட்டு இருந்த சகோதரி ஒருவர், "என்னாலதானே எல்லாருக்கும் கரைச்சல். அடுத்த முறை நான் வரேல்லை" என்றார். அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது.

கால் மணித்தியாலம் சென்றதும் வான் தானாகவே ஸ்ரார்ட் ஆனது. கராஜுக்குக் கொண்டுபோனால், "இப்ப நல்லாத்தானே ஓடுது, பிள்ளை" என்பார்கள். டீசல் பில்டரை மாற்றினோம். மீண்டும் நின்றது. பம்பைக் கழற்ற வேண்டும், ஒரு இலட்சத்துக்கு மேல் முடியும் என்றார்கள். அது எமது தையல் மெஷின்களுக்காகச் சேர்த்த பணம்.

வானை ஓட்டுபவர் எமது சங்கத்து அக்கா ஒருவர். போரில் கணவரை இழந்தபின் சாரதிப் பயிற்சி பெற்றவர். "எங்களிட்டை ஒரு பெண் பிரச்சினையோடை வந்தால் எப்ப, எங்கை, அதுக்கு முன்னம் என்ன நடந்தது எண்டு கேட்டு எழுதிறம். வானுக்கும் எழுதுவமே அக்கா" என்றேன். ஒரு கொப்பி போட்டோம். எத்தனை மணிக்கு நின்றது, எவ்வளவு தூரம் ஓடியது, தாங்கியில் எவ்வளவு டீசல், திடீரென நின்றதா, இழுவை குறைந்து நின்றதா என எழுதினோம்.

நான்கு தடவை நின்றபின் அக்கா கொப்பியைக் காட்டினார். "தாங்கி நிறைய அடிச்ச நாளிலைதான் நிக்குது. ஒரு மணித்தியாலம் ஓடின பிறகு, மெல்ல மெல்ல இழுவை குறைஞ்சு நிக்குது. அரைத் தாங்கியோடை ஊருக்குள்ளை ஓடேக்கை ஒருநாளும் நிக்கேல்லை."

அடுத்த தடவை பளையில் நின்றபோது அக்கா முதலில் டீசல் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. பில்டரின் மேலுள்ள கைப்பம்பை நாலைந்து தரம் அழுத்தியதும் வான் ஸ்ரார்ட் ஆனது.

2022 எரிபொருள் வரிசையில் பழைய மூடி தொலைந்துவிட, கடையில் கிடைத்த ஒன்றைப் போட்டிருந்தோம். அதில் காற்று உட்செல்ல வழியில்லை. டீசல் குறையும் அளவுக்குத் தாங்கிக்குள் காற்று போகாவிட்டால் எஞ்சினுக்கு டீசல் வராது. தாங்கி நிறைந்திருக்கும்போது உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான். அதனால் இந்த இறுக்கம் விரைவாக ஏற்படும். சரியான மூடியைப் போட்டோம். பம்பில் கைவைக்கவில்லை.

எல்லா வானும் மூடியால் நிற்பதில்லை. திறப்பை மூடியதுபோலச் சட்டென நின்றால், டீசல் பம்புக்கு வரும் வயர் தளர்ந்துள்ளதா எனப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது எஞ்சின் நின்றால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் பாரமாகும். பயப்படாமல், பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே பிடியாக அழுத்தி இடது ஓரத்தில் நிறுத்துங்கள்.

சகோதரிகளே, 'சில வேளைகளில்' வரும் குறையை மற்றவர்கள் இலகுவில் நம்புவதில்லை. வானுக்கு மட்டுமல்ல, எமக்கு வரும் தலைச்சுற்றுக்கும் நித்திரையின்மைக்கும் இதுதான் நிலை. வைத்தியரிடம் போகுமுன் நாளையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு போங்கள்.

வரமாட்டேன் என்ற சகோதரி இப்போது முன் ஆசனத்தில் இருந்து வருகிறார். கொப்பியும் அவரிடம்தான் இருக்கிறது.