தனங்கிளப்பில் ஒரு தை மாதக் காலை

சுற்றுலா என்றதும் எமக்கு உடனே நினைவுக்கு வருபவை நயினாதீவும் கீரிமலையும் கசூரினாக் கடற்கரையும்தான். நேர்த்திக்கடன் எதுவும் இல்லாமல் ஓர் இடத்தைச் சும்மா பார்த்துவிட்டு வரும் வழக்கம் எமது பெண்களிடம் மிகக் குறைவு. அதனால்தான் எமது சேமிப்புக் குழுக் கூட்டத்தில் “குருவி பார்க்கப் போவமா?” என்று நான் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

“பிள்ளை, எங்கட வளவுக்குள்ளயே புலுனியும் செண்பகமும் நிறையக் கிடக்கு. அதுக்கேன் வான் பிடிப்பான்?” என்றார் குழுவில் மூத்தவரான ஓர் அம்மா.

ஆயினும் பதினொரு பேர் வந்தார்கள். அந்த அம்மாவும் வந்தார். விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம். பனிக்குளிருக்குத் தலையில் துவாய் கட்டியிருந்தார்கள்.

நாவற்குழிப் பாலத்தில் வான் ஏறியபோது பேச்சு நின்றது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் மழையில் நனைந்துகொண்டு தென்மராட்சிக்கு நடந்த பாதை அது. நான் அப்போது சிறுபிள்ளை. அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்ததும், முன்னால் போனவரின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாததும் ஞாபகம். தூர தேசத்துப் பறவைகள் எமது குடாநாட்டுக்கு வந்துசேரும் மாதமும் அதுதான். அந்த வருடமும் அவை வந்திருக்கும். நாம்தான் பார்க்கவில்லை.

நாவற்குழியில் திரும்பி மன்னார் வீதியால் போனால் தனங்கிளப்பு. ஒரு பக்கம் வெளி, மறுபக்கம் யாழ்ப்பாணக் கடல்நீரேரி. மாரி மழை வெள்ளம் வந்து சேர்ந்து உப்பைத் தணித்துவிடும். மழை விட்டபின் தை, மாசியில் தண்ணீர் மெல்ல வற்ற, முழங்கால் அளவு நீரும் சேறுமாக நிலம் வெளிப்படும். அந்தச் சேற்றில் புழுவும் கூனி இறாலும் நத்தையும் நிறைந்திருக்கும். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் நிலம் பனியில் உறைந்து கிடக்கும் காலத்தில் பறவைகளுக்கு இங்கே பந்தி விரித்தாயிற்று. புரட்டாதி, ஐப்பசியில் வரத் தொடங்கி, சித்திரைக்குள் அநேகமானவை போய்விடும்.

வானை விட்டு இறங்கினால், தூரத்தில் தண்ணீருக்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பைனாகுலரால் பார்த்தபின்தான் அது பூநாரைக் கூட்டம் என்று தெரிந்தது. நீண்ட கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து, சொண்டைத் தலைகீழாக வைத்துச் சேற்றுத் தண்ணீரை வடித்துச் சாப்பிடும் பறவை அது. கூனியிலும் பாசியிலும் உள்ள ஒரு நிறச்சத்துத்தான் அதன் சிவப்புக்குக் காரணம் என்று விளக்கினேன்.

“கூனி திண்டு சிவக்குமெண்டால் நாங்கள் எப்பவோ சிவந்திருக்க வேணும்” என்றார் மூத்த அம்மா. அதன்பிறகு நான் விளக்கம் சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

உண்மையில் அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. ஊசிவால் வாத்தையும் பவளக்கால் உள்ளானையும் நான் புத்தகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். ஆட்காட்டி கத்தியதும் ஒருவர் திரும்பாமலே, “அங்கால ஆரோ நடந்து வருகினம்” என்றார். சற்று நேரத்தில் வலையோடு ஒரு மீனவர் வந்தார். வன்னியில் இரவுகளில் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் விழித்துக்கொண்டார்களாம். இன்னொருவர் ஆறுமணிக்குருவியைப் பற்றிச் சொன்னார். ஐப்பசியில் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வரும் அந்தச் சிறிய குருவி, களைத்து வீட்டு விறாந்தையிலும் வந்து விழும். இடம்பெயர்ந்திருந்த கொட்டிலுக்குள் ஒன்று விழ, பெட்டியால் மூடி வைத்துப் பின்னேரம் பறக்க விட்டாராம்.

பூநாரைகள் ஒரு தரம் எழும்பி எமது தலைக்கு மேலால் பறந்தன. எல்லோரும் அண்ணாந்தோம். ஒரு தங்கச்சி மாத்திரம் குனிந்து காதைப் பொத்தினாள். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். கிபிருக்கும், ‘வண்டு’ என்று நாம் சொன்ன வேவு விமானத்துக்கும் மேலே பார்த்துப் பழகியவர்களுக்கு வானத்தில் வேறு எதையும் பார்க்கச் சிறிது காலம் எடுக்கும்தானே. இரண்டாம் தரம் அவளும் பார்த்தாள்.

கேரதீவு மட்டும் போனோம். அங்கிருந்து 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் பூநகரிக்குப் போகிறது. அவ்விடத்தில் ஓர் அக்கா வானை விட்டு இறங்கவில்லை. 1990 களின் முற்பகுதியில் இந்தப் பாதையும் ஆனையிறவும் மூடப்பட்டிருக்க, சனம் கிளாலியிலிருந்து இரவில் வள்ளங்களில் இந்த நீரேரியைக் கடந்ததை வாசகிகள் அறிவீர்கள். அக்கா 1993 இல் கைக்குழந்தையோடு கடந்தவர். சத்தம் வராமல் பிள்ளையின் வாயை நெஞ்சோடு அமர்த்தி வைத்திருந்ததாக முன்பு ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை 2009 இல் காணாமற்போனவர்.

நான் வற்புறுத்தவில்லை. பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரே யன்னலால் கையை நீட்டிப் பைனாகுலரைக் கேட்டார். “கிளாலி எந்தப் பக்கம் பிள்ளை?” கிழக்கே காட்டினேன். நெடுநேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு பறவைகள் பக்கம் திருப்பினார்.

“உதுகள் தூரப் பயணம் இரவிலயும் போகுமோ?”

“பெரும்பாலும் இரவிலதான் அக்கா.”

“நாங்களும் இரவிலதான் போனனாங்கள்” என்றார். சொல்லிவிட்டு இறங்கி வந்து, மற்றவர்களோடு வீதிக்கரையில் நின்றார். நான் படித்த சமூகவியலில் இதற்கு ஏதும் சொல் இருக்கக்கூடும். அன்று எனக்கு அது தேவைப்படவில்லை.

நீங்களும் போக விரும்பினால் மார்கழிக் கடைசி முதல் மாசி வரை நல்ல காலம். வெயில் ஏறமுன் போய்விடுங்கள். கடும் நிறச் சேலையைத் தவிர்த்து, வீதிக்கரையில் நின்றே பாருங்கள். கிட்டப் போனால் பறவைகள் எழும்பிவிடும். தூரப் பயணம் வந்த பறவைக்கு வீணாய்ப் பறப்பது பெரிய களைப்பு. பைனாகுலர் இல்லாவிட்டாலும் பண்ணைப் பாலத்தடியிலும் சரசாலைக் குருவிக்காட்டிலும் கண்ணாலேயே நிறையப் பார்க்கலாம். கிளிநொச்சிப் பக்கமோ வடமராட்சி கிழக்கோ போவதானால், கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் பாதையை விட்டு ஓரடியும் இறங்க வேண்டாம்.

அடுத்த மாரிக்குச் சுண்டிக்குளம் போவதென்று வானுக்குள்ளேயே முடிவாயிற்று. 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, போரில் பல வருடங்கள் யாரும் போகமுடியாமற் கிடந்து, 2015 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பெயர் எழுதத் தொடங்கியபோது முதலாவதாக அந்த அக்காவின் பெயரே வந்தது. மூத்த அம்மா தனது பெயரையும் கொடுத்தார். ஆனால் அந்த முறை கட்டாயம் சாப்பாட்டுப் பொதி கட்டவேண்டும், மீன்பொரியலோடு என்றார்.