கரண்டுக்கு விலை வைக்கும் கூட்டத்தில் ஒரு நாள்

“தோட்டத்து மோட்டாருக்குத்தான் கரண்ட் சும்மா வருதே, கட்டணக் கூட்டத்துக்குப் போயி நாம என்னத்தைப் பேசறது?”

எங்கள் ஊர் பால் சொசைட்டித் திண்ணையில் ஒருத்தர் கேட்ட கேள்வி இது. இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியிலும் சர்வீஸ், டிரான்ஸ்ஃபார்மர், மீட்டர் என்று கேள்விகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்தக் கேள்விகளெல்லாம் போய்ச் சேர வேண்டிய ஓர் இடத்துக்கு, 2022 ஆகஸ்ட் மாதம் நானும் என் பெரியப்பாவும் போய் வந்தோம். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு ஜூலையில், மின் கட்டணத்தை உயர்த்தக் கேட்டு மின் விநியோக நிறுவனம் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் மனுப் போட்டிருந்தது. அதன் மீது மக்களிடம் கருத்துக் கேட்க கோவை, மதுரை, சென்னை என மூன்று ஊர்களில் கூட்டம் என்று செய்தித்தாளில் அறிவிப்பு வந்தது. கோவைக் கூட்டம் ஆகஸ்ட் 16-ஆம் தேதி. பெரியப்பாதான் முதலில் கிளம்பினார்.

“அப்ப நாங்க வண்டி மாட்டை நடு ரோட்டுல நிறுத்தித்தான் எங்க பேச்சைக் கேக்க வெச்சோம். இப்ப அவங்களே கூப்புட்டுக் கேக்கறாங்க. போகாம இருந்தா எப்படி?” என்றார்.

பெருமாநல்லூர் நிறுத்தம்

எங்கள் ஊர் குன்னத்தூர்ப் பக்கம். கோவை போக வேண்டும் என்றால் பெருமாநல்லூர் வந்து பஸ் மாற வேண்டும். நாலு ரோடு சந்திப்பு, பனியன் கம்பெனி வேன்கள், காலை எட்டு மணிக்கே சுடச்சுட போண்டா. முந்தின நாள் சுதந்திர தினம் என்பதால் ஆட்டோக்களில் காகிதக் கொடி இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “வா” என்று உயிர்நீத்த விவசாயிகளின் நினைவிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். 1970 ஜூன் 19. பம்ப்செட் மின் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடியபோது, இந்த ஊரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்துப்போனார்கள். இன்றைக்கும் ஆண்டுதோறும் அந்தத் தேதியில் விவசாயச் சங்கத்தார் வந்து மலர் வைக்கிறார்கள். யூனிட்டுக்கு ஒன்று இரண்டு பைசா கணக்குக்காக நடந்த போராட்டம் அது. பெரியப்பாவுக்கு அப்போது பத்தொன்பது வயது.

1972-ல் மறுபடியும் போராட்டம். நாராயணசாமி நாயுடு தலைமையில் திரண்ட விவசாயிகளின் மாட்டு வண்டிகள் கோவைச் சாலைகளை அடைத்து நின்றதை அந்தத் தலைமுறைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றைக்கு விலையை வைத்தது மின்சார வாரியமும் அரசும். விலை ஏறிய பிறகுதான் நமக்குத் தெரியும். ஏறும் முன்னே “உன் சௌகரியம் என்ன?” என்று கேட்க ஓர் இடம் கிடையாது.

பின்னால், 1980-களில் சிறு விவசாயிகளுக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. 1999-ல் ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கப்பட்டது. விலை வைக்கும் வேலை அதன் கைக்குப் போனது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64-வது பிரிவு, கட்டண மனுவின் சுருக்கத்தை வெளியிட வேண்டும், பொதுமக்களின் ஆட்சேபணைகளைப் பரிசீலித்த பிறகே ஆணை போட வேண்டும், மனு வந்த 120 நாட்களுக்குள் அதை முடிக்க வேண்டும் என்கிறது.

அந்த மூன்று பேருக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. பெரியப்பா எதுவும் பேசவில்லை. கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

அரங்கத்துக்குள்ளே

அவிநாசி, கருமத்தம்பட்டி தாண்டி, மில்களும் காலேஜ்களுமாக நீளும் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு கல்லூரி அரங்கில் கூட்டம். வாசலில் போலீஸ் நின்றாலும் யாரும் எங்களைத் தடுக்கவில்லை. மேசையில் ஒரு தாள் கொடுத்து பெயர், ஊர், பேச விருப்பமா, எழுத்து மனு உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். அழைப்பிதழ் தேவையில்லை, சங்கத்தில் பொறுப்பில் இருக்க வேண்டியதும் இல்லை. மின் இணைப்பு வைத்திருக்கிற எவரும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

மேடையில் ஆணையத்தார். சட்டப்படி ஆணையத்தில் தலைவரோடு சேர்த்து மூன்று பேருக்கு மேல் இருக்க முடியாது. ஒரு பக்கம் விநியோக நிறுவனத்து அதிகாரிகள். கீழே கூட்டம் கூட்டமாக மக்கள். விசைத்தறிக்காரர்கள், பவுண்டரி வைத்திருப்பவர்கள், கிரைண்டர் செய்யும் சிறு தொழில்காரர்கள், நுகர்வோர் சங்கத்தார். நடுவில் பச்சைத் துண்டுகள். ஒருவர் பின் ஒருவராக மைக் முன்னால் வந்தார்கள். நிலைக்கட்டணத்தை ஏற்றினால் பட்டறையை மூட வேண்டியதுதான் என்றார் ஒருவர். வீட்டுக் கரண்டுக்கு இரண்டு மாதம் சேர்த்துக் கணக்கெடுப்பதால் யூனிட் கூடித் தொகை ஏறுகிறது, மாதா மாதம் எடுங்கள் என்றார் இன்னொருவர்.

எங்களுக்கு முன்னால் பேசிய ஒரு விவசாயி சொன்னது மனதில் நிற்கிறது. “எங்களுக்கு இலவசம்னு எல்லாரும் சொல்றீங்க. ஆனா எங்க மோட்டாருக்கும் ஒரு விலையை நீங்க வைக்கறீங்க, அரசாங்கம் கட்டுது. அந்தக் கணக்கு சரியா இருக்கோணும். நாளைக்கு எங்க தலையில வந்து விழக்கூடாது.”

பால் சொசைட்டியில் கேட்ட கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைத்தது. நம் தோட்டத்து சர்வீஸுக்கும் கட்டணப் பட்டியலில் ஓர் இடம் உண்டு. மீட்டர் இல்லாததால் குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஆணையம் விலை வைக்கிறது. அதை மானியமாக அரசு செலுத்துகிறது. ஒரு பிரிவினருக்கு மானியம் தர அரசு நினைத்தால், அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்பது சட்டத்தின் 65-வது பிரிவு. ஆக, இலவசம் என்பது விலை இல்லாதது அல்ல. வேறொருவர் கட்டுகிறார், அவ்வளவுதான். விவசாயத்துக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது என்பது பெரும்பாலும் மதிப்பீடுதான். அந்த மதிப்பீட்டைச் சரியாக்க மீட்டர் வேண்டும் என்று ஆணையம் சொல்லிவருகிறது. மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்று நாம் பயப்படுகிறோம். இந்த வழக்கு பேசப்படும் இடத்தில் நாம் இல்லாவிட்டால், நம்மைப் பற்றி மற்றவர்கள் மட்டும் பேசிவிட்டுப் போவார்கள்.

தோட்டம் மட்டுமா? நம் வீடு, கோழிப் பண்ணை, எண்ணெய்ச் செக்கு, மாவு மில் எல்லாம் அதே பட்டியலில் வேறு வேறு வரிசையில் இருக்கின்றன.

பெரியப்பாவின் முறை

பெரியப்பா பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்ததும் அவர் கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்த வருடக் கோடையில் எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்ததைச் சொன்னார். ஒன்பது நாள் கரண்ட் இல்லை. ஆறு தோட்டம் அதை நம்பி இருந்தது. சித்திரை வெயிலில் தார் விட்ட வாழை துவண்டது. என்னுடைய அரை ஏக்கர் சின்ன வெங்காயம் முழுசாகப் போனது. சொல்லும்போது அவர் குரல் கம்மியது. அரங்கமே அமைதியாகக் கேட்டது. கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ‘இது கட்டண மனு மீதான விசாரணை, தனிப்பட்ட குறைக்கு வேறு மன்றம் இருக்கிறது’ என்றும் சொன்னார்கள்.

வெளியே டீக்கடையில் பெரியப்பா முகம் வாடி நின்றார். பக்கத்தில் நுகர்வோர் சங்கத்துப் பெரியவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க ஐயா, டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சப்ப எழுதிக் குடுத்தீங்களா?”

“போன் பண்ணுனோமுங்க. நேர்ல போயும் சொன்னோம்.”

“புகார் நம்பர் வாங்கினீங்களா? நகல்ல கையெழுத்து, தேதி?”

எதுவும் இல்லை. ஆறு தோட்டத்துக்காரர்கள் இருந்தும் ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுத எங்களுக்குத் தோன்றவில்லை. லைன்மேன் தெரிந்தவர், சொன்னால் போதும் என்று இருந்துவிட்டோம்.

அந்தப் பெரியவர் பொறுமையாகச் சொன்னார். ஆணையம் 2004-லேயே சேவைத் தரத்துக்கென்று விதிமுறை வெளியிட்டிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் பழுதானால் 48 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. தாமதமானால் நுகர்வோருக்கு இழப்பீடு தரவும் வழி இருக்கிறது. தொகை பெரிதாக இராது, போன வெங்காயத்துக்கு ஈடாகாது. ஆனால் கெடு என்று ஒன்று இருக்கிறது, அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. “கெடு எந்த மணியில ஆரம்பிச்சுதுன்னு காட்ட உங்க கையில ஒரு தாள் வேணுமுங்க. அது இல்லைன்னா ஒன்பது நாளும் கணக்குல வராது” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. பெரியப்பாவின் தலைமுறை வண்டியைக் கட்டிக்கொண்டு வந்தது. எங்கள் தலைமுறைக்கு ஒரு தாள் எழுதச் சோம்பல்.

வந்த பிறகு

ஆணையம் 2022 செப்டம்பர் 9-ல் ஆணை போட்டது. மறுநாளே புதிய கட்டணம் அமலுக்கு வந்தது. கேட்ட உயர்வில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் பேசினால் விலை குறைந்துவிடும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். ஆனால் பேசியவற்றைத் தொகுத்து, நிறுவனத்தின் பதிலையும் தன் கருத்தையும் ஆணையம் அந்த ஆணையில் எழுத வேண்டியிருக்கிறது. அதில் குறை கண்டால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சட்டம் இடம் தருகிறது. ஒரு நாள் கூட்டத்தின் முடிவு பல வருடம் நம்மைத் தொடர்கிறது. அந்த ஆணையின்படி விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் கட்டணம் திருத்தப்படுகிறது. 2023-ல் 2.18 சதவிகிதம், 2024-ல் 4.83 சதவிகிதம் என்று கணக்கு வந்தது. எந்தப் பிரிவுக்கு அரசு அதை ஏற்றுக்கொள்கிறது என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊரில் இப்போது டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்துக்கு எதிரே உள்ள தோட்டத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. கரண்ட் போன நேரம், சொன்ன நேரம், புகார் எண், வந்த நேரம் எல்லாம் அதில் ஏறும். போன வருடம் மின்னழுத்தம் குறைந்து இரண்டு மோட்டார் காயில் கருகியபோது, பதினாலு பேர் கையெழுத்துப் போட்டு, நோட்டின் நகலோடு மனுக் கொடுத்தோம். அதில் பெரியப்பாவின் கையெழுத்துத்தான் முதல். வந்து அளந்தார்கள். பழைய கம்பி மாறியது. கூடுதல் டிரான்ஸ்ஃபார்மர் இன்னும் வரவில்லை. ஆனால் கோப்பு எண் எங்கள் கையில் இருக்கிறது. வரவில்லை என்றால் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதும் தெரியும்.

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

• எந்தக் குறையானாலும் முதலில் உங்கள் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். போனில் சொன்னால் புகார் எண்ணைக் கேட்டு எழுதுங்கள்.

• தீரவில்லை என்றால், ஒவ்வொரு மின் பகிர்மான வட்டத்திலும் இருக்கும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு மனு எழுதலாம். வக்கீல் வேண்டியதில்லை, நாமே போய்ப் பேசலாம்.

• மன்றத்தின் முடிவும் சரியில்லை என்றால், சென்னையில் உள்ள மின்குறை தீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

• மின்திருட்டு வழக்குகளை மன்றம் எடுக்காது. புதிய விவசாய சர்வீஸ் ஆண்டுக்கு எத்தனை என்பது அரசின் முடிவு. அதற்கு மன்றத்தில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

• கட்டணக் கூட்டம் அறிவித்தால் செய்தித்தாள் அறிவிப்பை வெட்டி சொசைட்டிச் சுவரில் ஒட்டுங்கள். போக முடியாதவர்கள், சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ள ஆணைய அலுவலகத்துக்குக் குறித்த தேதிக்குள் தபாலில் கருத்தை அனுப்பலாம். தமிழில் எழுதினால் போதும்.

அடுத்த கூட்டம் எப்போது அறிவித்தாலும் போக வேண்டும் என்று பெரியப்பா சொல்லியிருக்கிறார். இந்த முறை கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசுவாராம். டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தை நோட்டு பார்த்துக்கொள்ளும்.