சுழலும் எஞ்சினும் மலை ஜீப்பும்

என் தமக்கையின் மகன் பதினோர் ஆண்டுகள் ஷார்ஜாவில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் வேலை பார்த்துவிட்டுச் சென்ற ஆண்டு ஊர் திரும்பினான். எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். என் பாட்டனார் உடுமலையிலிருந்து வந்து குடியேறியவர். வீட்டில் தமிழ் பேசி, தமிழில் சண்டையிட்டு, அலுவலகங்களில் மட்டும் மலையாளம் பேசும் குடும்பம் எங்களுடையது. வாசகர்களுக்கு இந்நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

பையன் கொண்டுவந்தது நான்கு லட்சம் ரூபாய்ச் சேமிப்பும் ஒரு பெரிய ஆசையும். பழைய மாஸ்டா பந்தயக் கார் ஒன்றை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தன் கையாலேயே புதிதாக்கி நிறுத்த வேண்டும். அதைப் பார்த்து நாலு பேர் தன் பட்டறையைத் தேடி வரவேண்டும் என்பதே அந்த ஆசை. அங்கே அவன் பழகிய வண்டி ஆர்.எக்ஸ்.-7 என்பது. அதன் எஞ்சினைப் பற்றி அவன் பேசத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும்.

நமக்குத் தெரிந்த எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. ஜெர்மானியராகிய ஃபெலிக்ஸ் வாங்கெல் கண்ட எஞ்சினிலோ பிஸ்டனே இல்லை. பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணம் ஒன்று, இடை சிறுத்த முட்டை வடிவக் கூட்டுக்குள் சுழல்கிறது. அது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும். வால்வு இல்லை, ஆட்டம் குறைவு, எடையும் குறைவு. இதை வைத்து என்.எஸ்.யு. நிறுவனம் 1964-இல் ஒரு காரை விற்பனைக்கு விட்டது. ஹிரோஷிமாவின் மாஸ்டா நிறுவனம் 1967-இல் காஸ்மோ என்னும் காரை வெளியிட்டது. 1991-இல் பிரான்சு தேசத்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலிடம் பெற்றதும் மாஸ்டாவின் சுழல் எஞ்சின் வண்டியே.

குறை அதன் முனைகளில் இருக்கிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் பொருத்திய மெல்லிய துண்டுகள்தாம் காற்றைக் கசியவிடாமல் தடுப்பவை. ஆரம்ப காலத்தில் அவை கூட்டின் உட்சுவரைக் கீறித் தழும்பாக்கின. ஜப்பானிய எஞ்சினியர்கள் அதைப் பிசாசின் நகக்கீறல் என்று அழைத்தார்களாம். கரியும் அலுமினியமும் கலந்த துண்டுகளைச் செய்து அப்பிசாசை ஒருவாறு ஓட்டினார்கள். ஆயினும் தேய்மானம் போகவில்லை. பெட்ரோல் தாகமும் எண்ணெய் குடிக்கும் பழக்கமும் போகவில்லை. ஆகவே பழைய சுழல் எஞ்சினை வாங்குகிறவன் மூன்று முகங்களின் அழுத்தத்தையும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும். சாதாரண அழுத்தமானி மூன்றில் உயர்ந்த ஒன்றை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும்.

இவ்வளவும் தெரிந்த பையனுக்குச் சுங்கச் சட்டம் மட்டும் தெரியவில்லை. வெளிநாட்டிலிருந்து பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டுமானால் அது மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதாக இருத்தல் கூடாது. சுக்கான் வலப்பக்கம் இருத்தல் வேண்டும். ஆர்.எக்ஸ்.-7 உற்பத்தி 2002-இல் நின்றது. அதன்பின் வந்த ஆர்.எக்ஸ்.-8-உம் 2012-இல் நின்றது. ஷார்ஜா வண்டிகளுக்கோ சுக்கான் இடப்பக்கம். இரண்டு வழியும் அடைத்துவிட்டன.

இரண்டு நாள் அவன் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள், "மாமா, ஜீப் பார்க்கப் போகலாமா?" என்றான்.

பழைய ஜீப்புக்கு இடுக்கி மலையைப்போல் வேறிடம் இல்லை. 1941-இல் அமெரிக்கப் படைக்காக வில்லிஸ் நிறுவனம் செய்யத் தொடங்கிய வண்டியை 1947 முதல் பம்பாயில் மகீந்திரா நிறுவனத்தார் பூட்டி விற்றார்கள். போர்க்களத்துக்குப் பிறந்தது, இங்கே ஏலக்காய் மூட்டை சுமந்தது. இன்றும் தேனி மாவட்டத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து போடிமெட்டு ஏறி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறது. அதற்கு ஜீப் ஏறுவதோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. எல்லைக் கோடு போட்டவர்கள் ஜீப்பில் போனதில்லை போலும்!

பூப்பாறைப் பக்கத்தில் நாங்கள் முதலில் கண்ட ஜீப் வெகு அழகு. புதுப் பெயின்ட், அகலச் சக்கரம். விலையும் மலிவு. பையன் முன்மூடியைத் தூக்கினான், பின்பு ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டான். புத்தகத்தில் பெட்ரோல் என்று இருந்தது. உள்ளே இருந்தது வேறொரு கம்பெனியின் டீசல் எஞ்சின். "அதெல்லாம் பிறகு சரிசெய்து கொள்ளலாம்" என்றார் தரகர். கொள்ள முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும், தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. எஞ்சின் போய்விட்டால் அதே வகை எஞ்சினை அனுமதி பெற்று மாற்றலாம். தோன்றியதையெல்லாம் பூட்ட முடியாது. பழைய வண்டியைப் புதுக்க விரும்பும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இரண்டாவது ஜீப் ஒரு முதிய மலையாளி விவசாயியுடையது. 1989-இல் பதிவானது, பெழோ நிறுவனத்து டீசல் எஞ்சின், பிறந்தது முதல் மாறாதது. விடியுமுன்பே போய் நின்றோம். அது பையனின் யோசனை. விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிட்டால் அதன் நோய் தெரியாதாம். முன்மூடியில் கையை வைத்துப் பார்த்தான், பனிக்கட்டிபோல் இருந்தது. அதன் பிறகே சாவியைக் கேட்டான். மூன்றாம் முயற்சியில் எஞ்சின் பிடித்தது. வெண்புகை கிளம்பிச் சற்று நேரத்தில் அடங்கிற்று. எண்ணெய் மூடியைத் திறந்து, அங்கும் புகை வருகிறதா என்று பார்த்தான். அடிச்சட்டத்து எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டான். பிறகு சேற்று மேட்டில் நான்கு சக்கர இழுப்பைப் பூட்டி ஏற்றினான். அரை மணி நேரம் வண்டிக்கடியில் படுத்துச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிக் கேட்டான். துருப்பிடித்த இடம் மந்தமாக ஒலிக்குமாம். இரண்டிடத்தில் அப்படி ஒலித்தது. அதைச் சொல்லித்தான் விலை பேசினோம். 2,10,000 கேட்டவர் 1,70,000-க்கு இறங்கினார். "மாஷே, இவன் வண்டியை வாங்க வந்தவனா, வைத்தியனா?" என்று என்னிடம் கேட்டார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதை எப்படியோ கண்டுகொண்டார்.

விலைப் பேச்சைவிட வீட்டுப் பேச்சே கடினமாயிருந்தது. பையனின் தங்கை நர்ஸிங் படிப்பில் இறுதியாண்டு. கட்டணம் கட்ட வேண்டும். "தங்கச்சி படிப்புக்கு வைத்த காசை இரும்புக்கடைச் சரக்கிலே போடப் போறியாடா?" என்று தமக்கை கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. அவள் கணவர் இறந்தபின் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தது தறியும் இரண்டு மாடுகளும்தாம். நான் நடுவில் உட்கார்ந்து கணக்கு எழுதினேன். 1,40,000 ரூபாய் பெண்ணின் பெயரில் பாங்கில் முதலில் போடப்பட்டது. எஞ்சியதில் ஜீப்பும் பழுதும் அடங்க வேண்டும். சித்திரைக்குள் பட்டறைக்கு வேலை வராவிட்டால் அவன் மறுபடி ஷார்ஜா போவதென்றும் பேச்சு. அவன் அதற்கு உடனே தலையசைத்ததைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

ஜீப்பை லாரியில் ஏற்றி மூணாறு, மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம் என்று கொண்டுவந்தோம். கேரளத்தில் புறப்பட்டுத் தமிழ்நாட்டின் வழியே வந்து கேரளத்தில் இறங்கிற்று. இரண்டு இடத்திலும் காகிதம் கேட்டார்கள். காகிதம் சரியாக இருந்தது.

பதிவுப் பெயர் மாறிவிட்டது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இருபது ஆண்டு கடந்த இத்தகைய வண்டிக்குக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. ஐம்பதாண்டு நிறைந்தால் பழம்பெரும் வண்டி என்று வேறு பதிவு பெறலாம். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அது உதவாது. எங்கள் ஜீப்புக்கு அந்த வயதும் ஆகவில்லை.

இப்போது தொழுவத்தை ஒட்டிய கொட்டகையில் சட்டம் மட்டும் நிற்கிறது. துருவை வெட்டிப் புதுத் தகடு வைத்தாகிவிட்டது. எஞ்சினின் தலைப்பகுதியைக் கோயம்புத்தூரில் இழைத்து வாங்கினோம். 74,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. சென்ற வாரம் நெல்லியாம்பதிக்கு ஜீப் ஓட்டும் ஒருவர் யாரோ சொல்லக் கேட்டு நெம்மாறையிலிருந்து வந்தார். பையன் வெல்டிங் செய்த இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. திங்கட்கிழமை தம் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டுவிட்டு முன்பணமும் கொடுத்துப் போனார். தமக்கை அவருக்குக் காப்பி கொடுத்தாள். முன்பணத்தைத் தானே வாங்கி எண்ணி, அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

சித்திரைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.